சீனச் சொல்லுக்குள் சீன வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சீன நகரமான குவாங்சோவில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். இப்போது வார இறுதியில் சிலருக்கு அடிப்படைச் சீனம் சொல்லிக் கொடுக்கிறேன். சரக்கு எடுக்கப் போகிறவர்கள், மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள், பயத்தோடு கூட வரும் அவர்களுடைய அம்மா அப்பா என்று பலரும் வருவார்கள். இலக்கணத்தைவிடப் பழக்கவழக்கம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். சீனச் சொற்களைத் தமிழெழுத்தில் காதுக்கு ஒத்தபடி எழுதியிருக்கிறேன். தொனியை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கத்தை, தமிழில் காட்ட முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனம் சீனம்ங்கறீங்களே, எந்தச் சீனம்?

பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் அரசு அலுவலகத்திலும் புழங்கும் பொதுமொழியைத்தான் மாண்டரின் என்கிறோம். குவாங்சோ, ஹாங்காங் பக்கம் வீட்டுக்குள் கேன்டனீஸ். தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியான் கடற்கரையிலும் மலேசியாவின் பினாங்கிலும் ஹொக்கியன். எழுத்து பெரும்பாலும் ஒன்று, உச்சரிப்பு வேறு வேறு. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களுக்கு இது வேண்டும். மாண்டரினில் இருக்கும் அசைகள் தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் சுமார் 400 தான். தொனியோடு சேர்த்தாலும் ஆயிரத்து முந்நூறை ஒட்டித்தான் வரும். அதற்குள் மொத்த அகராதியும் அடங்கியாக வேண்டும். அதனால் ஒரே ஒலிக்குப் பத்துப் பொருள் இருப்பது அங்கே சாதாரணம். நாம் சிலேடை என்று கவிஞர்களுக்கு ஒதுக்கிவிட்ட வேலையைச் சீனப் பாட்டி சமையலறையில் செய்துகொண்டிருப்பார்.

நம்ம மாதிரியே "சாப்டாச்சா"ன்னு கேப்பாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். "ச்சி ல மா?" என்றால் சாப்பிட்டாச்சா. நம் ஊரைப் போலவே பதிலுக்காகக் கேட்பதில்லை. "ஆச்சு, நீங்க?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். நகரத்து இளசுகள் மத்தியில் குறைந்துவிட்டது, பெரியவர்களிடம் இன்னும் உண்டு.

ச்சி, அதாவது சாப்பிடு என்ற சொல்லை வைத்தே பாதி வாழ்க்கையைப் பேசிவிடலாம். கஷ்டத்தைத் தாங்குவது "ச்சி கூ", கசப்பைச் சாப்பிடுவது. நஷ்டப்படுவது "ச்சி குய்", நஷ்டத்தைச் சாப்பிடுவது. காதலில் பொறாமைப்படுவது "ச்சி ட்ஸு", வினிகர் சாப்பிடுவது. தாங் வம்சத்துப் பேரரசர் ஒருவர், தன் அமைச்சரின் மனைவியிடம் "சக்களத்தியை ஏற்றுக்கொள், இல்லையென்றால் இந்த விஷத்தைக் குடி" என்றாராம். அந்த அம்மாள் மடக்கென்று குடித்துவிட்டார். கோப்பையில் இருந்தது வினிகர். கதைதான், ஆனால் சொல் ஊன்றிவிட்டது.

பிழைப்புக்கு "ஃபான் வான்", சோற்றுக் கிண்ணம் என்று பெயர். போகவே போகாத அரசு வேலை இரும்புச் சோற்றுக் கிண்ணம். வேலையை விட்டுத் தூக்கினால் "கணவாய் வறுத்துட்டாங்க" என்பார்கள். கணவாய்த் துண்டைச் சூடான வாணலியில் போட்டால் ஓரம் மடங்கிப் பாய் சுருட்டினாற்போல் உருண்டுகொள்ளும். முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்த காலத்தில், வேலை போனவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டுதானே கிளம்ப வேண்டும்!

நாலுன்னா ஏன் அவ்வளவு பயம்? எட்டுக்கு மட்டும் என்ன மவுசு?

நாலும் "ஸு", சாவும் "ஸு". தொனி மட்டும்தான் வேறு. பல கட்டடங்களில் மின்தூக்கிப் பொத்தான் 3-லிருந்து 5-க்குத் தாவும், சில இடங்களில் 14-ம் இருக்காது. எட்டு "பா", செல்வம் பெருகுவது "ஃபா". இது மாண்டரினில் கொஞ்சம் இழுத்துத்தான் பொருந்தும், கேன்டனீஸில் "பாத்", "ஃபாத்" என்று கச்சிதமாக உட்காரும். வணிகர்கள் நிறைந்த தெற்கிலிருந்து வடக்கே பரவிய மோகம் இது. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை 8.8.2008 அன்று இரவு 8 மணிக்கு வைத்தது தற்செயல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஒன்பது "ஜியூ", நீடித்திருப்பதும் "ஜியூ", அதனால் கல்யாணத்துக்கு உகந்தது. 250 என்று மட்டும் யாரையும் சொல்லிவிடாதீர்கள், மடையன் என்று அர்த்தம். பேரம் பேசும்போது தொகை 250-ல் வந்து நின்றால் இரண்டு பக்கமும் சிரித்துவிட்டு ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ முடிப்பதுண்டு.

சீனர் வீட்டு விசேஷத்துக்குப் போறேன். எதைக் குடுக்கக் கூடாது?

சுவர்க் கடிகாரம் கூடவே கூடாது. கடிகாரம் பரிசளிப்பது "ஸோங் ஜோங்". பெற்றவரின் இறுதி நேரத்தில் கூட இருந்து கடைசிக் காரியம் செய்வதும் அட்சரம் பிசகாமல் அதே "ஸோங் ஜோங்". அறுபது வயதுக்காரருக்கு அதை நீட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கைக்கடிகாரத்துக்கு வேறு சொல் என்பதால் அது பரவாயில்லை.

குடையும் வேண்டாம், "ஸான்" என்ற ஒலி சிதறிப் போவதையும் குறிக்கும். பேரிக்காய் வாங்கிப் போகலாம், ஆனால் ஒன்றைத் துண்டு போட்டுப் பகிராதீர்கள். பேரியைப் பங்கிடுவதும் பிரிவதும் ஒரே ஒலி: "ஃபென் லீ". சீட்டாடுகிறவருக்குப் புத்தகம் கொடுத்தால் முகம் மாறும். புத்தகமும் "ஷூ", தோற்பதும் "ஷூ".

சரி, என்னதான் கொடுப்பது? சிவப்பு உறையில் பணம். ஹோங் பாவ் என்பார்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஹொக்கியன் வழியாக "அங்பாவ்". அங்கே தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பண உறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு விஷயத்தில் நாம் உஷாராக இருக்க வேண்டும். நம் ஊர் 501, 1001 பழக்கம் சீனக் கல்யாணத்தில் செல்லாது, நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் கொடுப்பதே வழக்கம். இரட்டைப்படைதானே என்று 400 வைத்துவிடாதீர்கள், முந்தின பதிலைப் பாருங்கள்.

வாசக்கதவுல எழுத்தைத் தலைகீழா ஒட்டியிருக்காங்களே, தெரியாம ஒட்டிட்டாங்களா?

தெரிந்தேதான். அது "ஃபூ", நற்பேறு. தலைகீழாவது "தாவ்", வந்து சேர்வதும் "தாவ்". பார்க்கிற குழந்தை "ஃபூ தலைகீழா இருக்கு!" என்று கத்தினால் "நற்பேறு வந்தாச்சு!" என்று கத்தியதாக ஆகிவிடும். வருகிறவன் போகிறவன் வாயாலேயே வீட்டுக்காரர் வாழ்த்து வாங்கிக்கொள்கிறார்.

புத்தாண்டுச் சாப்பாடு முழுக்க இந்த விளையாட்டுத்தான். மீன் "யூ", மிச்சமும் "யூ"; அதனால் முழு மீன் சமைத்துக் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். ஒட்டுமாவுப் பலகாரம் "நியன் காவ்", ஆண்டுக்கு ஆண்டு உயர்வதும் அதே ஒலி. கேன்டனீஸ்காரர்கள் தலைமுடிபோல் இருக்கும் "ஃபாத் ச்சோய்" என்ற ஒரு பாசியைத் தேடித் தின்றார்கள், பணம் கொழிப்பதும் "ஃபாத் ச்சோய்" என்பதற்காக. சீனாவின் உள் மங்கோலியப் புல்வெளியில் அதை வாரி வாரி மண்ணே பாழாகி, 2000-ஆம் ஆண்டில் அரசு சேகரிப்புக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. ஒரு சிலேடையால் புல்வெளி பாலைவனமான கதை.

ஒருநாள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் என் முழங்கை பட்டு ஒரு தட்டு விழுந்து நொறுங்கியது. நான் எழுந்து நின்று விழிக்கிறேன். கடைக்கார அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஸுய் ஸுய் பிங் ஆன்" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்து வந்தார். நொறுங்குவதும் "ஸுய்", வயதாண்டும் "ஸுய்", அதனால் "ஆண்டாண்டுக்கும் அமைதி". அபசகுனம் தரையைத் தொடுவதற்குள் வாழ்த்தாகிவிட்டது. தட்டுக்குக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

சாவைப் பத்தி நேரா சொல்லவே மாட்டாங்களா?

நாம் சொல்கிறோமா என்ன? காலமானார், தவறிட்டார், சிவலோக பதவி. நன்னூல் இதற்கு மங்கலம் என்றே தனிப் பெயர் வைக்கிறது, உரைகாரர்கள் சுடுகாட்டை நன்காடு என்பதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். சீனத்தில் "உலகை நீங்கினார்" உண்டு, வெறுமனே "முதுமையானார்" என்பதும் உண்டு. சவத்துக்கு உடுத்தும் துணிக்குப் பெயர் "ஷோ யீ", நெடுவாழ்வு உடை. பழுத்து, பேரன் பேத்தி எடுத்துப் போனவரின் சாவு "ஷீ ஸாங்", மகிழ்ச்சியான சாவு. நம் கல்யாணச் சாவேதான், மொழிபெயர்க்க வேண்டிய வேலையே எனக்கு இருக்கவில்லை.

ஆனால் அவர்கள் தவிர்ப்பது சாவை மட்டும் இல்லை. கேன்டனீஸில் நாக்குக்கான சொல் நஷ்டம்போல் ஒலிக்கும், ஆகவே கசாப்புக் கடையில் நாக்கு "லெய்", லாபத்தின் ஒலி. பஞ்சாங்கத்துக்குப் பழைய பெயர் "துங் ஷூ". புத்தகமும் தோல்வியும் ஒரே ஒலி என்று மேலே சொன்னேனே, அதனால் அதை "துங் சிங்" ஆக்கிவிட்டார்கள், எதிலும் வெற்றி. சாப்பாட்டுக் குச்சிக்குப் பழஞ்சொல் "ஜூ". நின்றுபோவதும் "ஜூ". படகோட்டிக்கு இதைவிடக் கெட்ட சொல் உண்டா? வேகம் என்ற பொருள்வர "குவாய்" என்று மாற்றினார்கள், மிங் வம்சக் காலக் குறிப்பே இதைச் சொல்கிறது. இன்று சீனா முழுக்க அது "குவாய் ஜு". ஃபூஜியான்காரர் போன்ற சிலர் வாயில் மட்டும் பழைய சொல் தங்கிவிட்டது.

இங்கிலீஷ்ல எல்லாரும் அங்கிள். சீனத்துல நம்ம மாதிரி பெரியப்பா, சித்தப்பா எல்லாம் உண்டா?

தமிழர்களுக்குச் சீனத்தில் சுலபமான பாடம் இதுதான். அப்பாவின் அண்ணன் "போபோ", தம்பி "ஷூஷு", அக்காவோ தங்கையோ "கூகு". அம்மாவின் சகோதரர் "ஜியூஜியு", சகோதரி "யீமா". அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்குத் தனித்தனிச் சொல். மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தெருவில் போகிற பெரியவரையும் முறை வைத்துத்தான் அழைப்பார்கள், நம் அண்ணே, அக்கா மாதிரி. குவாங்சோவில் மட்டும் காய்கறிக்கார அம்மாவிலிருந்து வங்கி ஊழியர்வரை எல்லாப் பெண்களும் "லெங் லுய்", அழகி!

அப்பாவின் அம்மாவை "நைநை" என்பார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கும்போது வகுப்பு சிரிக்காத நாளே கிடையாது. அம்மாவின் அம்மா "வாய்போ". இதில் "வாய்" என்றால் வெளி. அம்மா வழி உறவு முழுக்க வெளிக்காரர்கள் என்று சொல்லே வேலி போட்டு வைத்திருக்கிறது. வடக்கே அதே பாட்டிக்கு "லாவ்லாவ்" என்று வேலியில்லாத பெயரும் உண்டு. 2018-ல் ஷாங்காயில் ஒரு பள்ளிப் பாடநூலில் லாவ்லாவ் என்பதை வாய்போ ஆக்கியிருந்தது என்று கண்டுபிடித்துப் பெரிய ரகளையே நடந்தது, கடைசியில் பழையபடி மாற்றினார்கள்.

அப்போ அத்தை பையன், மாமா பொண்ணு கட்டிக்குவாங்களா?

கேள்வி சின்னது, ஆனால் இங்கேதான் இரண்டு பண்பாடும் பிரிகிறது. நமக்குப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் உடன்பிறப்பு. அத்தை, மாமா பிள்ளைகள் முறை. யாரைக் கட்டலாம் என்பதே நம் கோடு. சீனத்தில் கோடு குடும்பப் பெயரின்மீது விழுகிறது. அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் மட்டும் "தாங்", ஒரே கூடத்துக்காரர்கள். அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள் எல்லாருமே "பியாவ்", வெளிப்புறம்.

ஒரே குடும்பப் பெயர்க்காரர் மணக்கக் கூடாது என்பது பழைய விதி. பியாவ் உறவில் மணந்தால் "சொந்தத்துமேல் சொந்தம்" என்று பாராட்டினார்கள். சித்தி மகளைக் கட்டுவதும் அதில் அடக்கம். பதினெட்டாம் நூற்றாண்டுச் சீன நாவல் ஒன்றில் நாயகனுக்கு அத்தை மகள் ஒருத்தி, சித்தி மகள் ஒருத்தி, யாரை மணப்பான் என்பதே கதை. தமிழில் சொல்லும்போது பாதிப் பேர் "ஐயையே, தங்கச்சி முறையாச்சே" என்பார்கள். 1980-இல் வந்த திருமணச் சட்டம் எல்லா நெருங்கிய சொந்தத்தையும் தடுத்துவிட்டது. அதனால் இப்போது பதில்: கட்டமாட்டார்கள்.

வரதட்சணை யார் குடுப்பாங்க?

மாப்பிள்ளை வீடு. "ட்ஸாய் லீ" என்று பெயர். பெண் வீட்டுச் சீர் தனியாக உண்டு, ஆனால் பேரமும் புலம்பலும் ட்ஸாய் லீயைச் சுற்றித்தான். சில ஊர்களில் 10,001 யுவான் என்று பிடிப்பார்கள், "பத்தாயிரத்தில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தோம்" என்று பொருள்வர. 88,000 ஏன் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும். சில கிராமங்களில் தொகை எகிறி, "வானத்து விலை ட்ஸாய் லீ" என்ற சொல்லே செய்தித்தாள் வழக்காகிவிட்டது. கல்யாணம் முறிந்தால் இதைத் திருப்பித் தருவது பற்றி அங்கே உச்ச மக்கள் நீதிமன்றம் வகுத்த விதிகள் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன.

மணம் செய்வதற்கே இரண்டு வினை. ஆண் செய்வது "ச்சூ". அந்த எழுத்தில் எடு என்பதன் கீழே பெண். பெண் செய்வது "ஜியா". பெண்ணுக்குப் பக்கத்தில் வீடு. தமிழில் கொள்வினை, கொடுப்பினை என்று நாமும் பிரித்தவர்கள்தான். மணம் என்ற "ஹுன்" எழுத்தில் பெண்ணோடு அந்திப்பொழுது இருக்கிறது, பழங்காலச் சடங்கு சாயங்காலத்தில் நடந்ததால். மணப்படுக்கையில் பேரீச்சைபோன்ற இலந்தை, நிலக்கடலை, லோங்கன் பழம், தாமரை விதை தூவுவார்கள். நாலின் பெயரிலிருந்தும் ஒவ்வோர் அசையைச் சேர்த்தால் "ஸாவ் ஷெங் குய் ஜு", சீக்கிரம் நல்ல பிள்ளை பிறக்கட்டும்.

பச்சைத் தொப்பி போடக் கூடாதாமே?

ஆண்கள் போடமாட்டார்கள். பச்சைத் தொப்பி போட்டவன் என்றால் மனைவி ஏமாற்றுகிறாள் என்று பொருள். விளம்பரப் பரிசாகப் பச்சைத் தொப்பி கொண்டுபோன ஒருவரை எனக்குத் தெரியும், ஐம்பதையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். சிவப்பு நல்லது, வெள்ளை சாவுக்கு. கல்யாணமும் சாவும் சேர்ந்து "சிவப்பு வெள்ளைக் காரியங்கள்", நம் நல்லது கெட்டது. மஞ்சள் ஒருகாலத்தில் அரசருடையது. இன்று மஞ்சள் படம் என்றால் நாம் சொல்கிற நீலப் படம்.

"நீ எந்த மிருகம்"னு என்கிட்ட கேட்டாங்க. திட்டறாங்களா?

வயதைக் கேட்கிறார்கள். "நீ ஷூ ஷென்ம?", எந்த விலங்கின் ஆண்டைச் சேர்ந்தவர் என்று. 2026 குதிரை. பன்னிரண்டு விலங்கு என்பதால் நீங்கள் விடை சொன்னதும் முகத்தைப் பார்த்து மீதிக் கணக்கைப் போட்டுக்கொள்வார்கள். சொந்த விலங்கின் ஆண்டு திரும்பி வந்தால் கண்டம் என்று இடுப்பில் சிவப்பு நூலோ சிவப்பு உள்ளாடையோ அணிவதுண்டு.

இந்தப் பன்னிரண்டும், "தண்டு" எனப்படும் பத்து ஆண்டுக் குறிகளும் சேர்ந்து சுழல, அறுபது ஆண்டில் ஒரு சுற்று முடியும். நம் பிரபவ முதல் அட்சய வரையும் அறுபதுதான், ஆனால் அது வியாழன் கணக்கு, தொடக்கமும் வேறு. அவர்களுடைய இப்போதைய சுற்று 1984-இலும் நம்முடையது 1987-இலும் தொடங்கின. அறுபது நிறைந்தவரை "ஹுவா ஜியா" என்று கொண்டாடுவார்கள், நாம் சஷ்டியப்த பூர்த்தி செய்கிறோம். நாம் 1876-ஐத் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவு வைத்திருப்பதைப் போல, மன்னராட்சியை வீழ்த்திய 1911-ஐ அவர்கள் ஷின்ஹாய் புரட்சி என்கிறார்கள். ஷின்ஹாய் அந்த ஆண்டின் பெயர்.

கூரைக்குக் கீழ பன்னி இருந்தா "வீடு"ன்னு படிச்சேன். ஆபத்துங்கற சொல்லுக்குள்ளயே வாய்ப்பு இருக்காமே?

பாதி சரி. வீடு என்ற எழுத்தில் கூரையும் பன்றியும் இருப்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய கி.பி. 100-இல் தொகுத்த பழைய அகராதியே அந்தப் பன்றியை ஒலிக்குறி என்று விளக்குகிறது. பெரும்பாலான எழுத்துகள் ஒருபக்கம் பொருள், மறுபக்கம் ஒலி என்று ஒட்டுப்போட்டவை. "மா", அம்மா என்ற எழுத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் குதிரை நிற்கிறது. குதிரையின் உச்சரிப்பும் "மா" என்பதால் நிற்கிறது, அவ்வளவுதான். எழுத்தை உடைத்துத் தத்துவம் சொல்கிறவரிடம் இந்தக் குதிரையைக் காட்டுங்கள்.

"வெய் ஜீ" என்ற நெருக்கடியில் வெய் ஆபத்துதான். ஜீ என்பது திருப்புமுனை, கணம், பொறி என்று பல பொருள் தரும். வேறு சொல்லோடு சேர்ந்தால்தான் வாய்ப்பு. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு இது பிடிக்காது.

ஆண்டு என்ற "நியன்" பற்றியும் ஒரு கதை உலவும்: நியன் என்ற பூதத்தை விரட்டத்தான் வெடி, சிவப்புத் தாள் என்று. குழந்தைகளுக்கு நல்ல கதை. ஆனால் பழைய எலும்புப் பொறிப்புகளில் அந்த எழுத்து கதிர் சுமக்கும் ஆள், பொருள் விளைச்சல். பூதத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

நம்ம தமிழ்ல சீன வார்த்தை ஏதாவது இருக்கா?

காலையில் குடித்தீர்களே. ஹொக்கியன் "தே" கப்பலேறி ஐரோப்பாவில் டீ ஆனது, தமிழில் தேயிலை, தேநீர், இலங்கையில் தேத்தண்ணி. மற்ற இடங்களின் "ச்சா" தரைவழியே சாய் ஆகி, சாயாவாக நம் எல்லைக்கடைகளுக்கு வந்தது. அதில் போடும் சீனியின் பெயரிலேயே சீனா இருக்கிறது. மலேசியத் தமிழர் முதலாளியைத் தவுக்கே என்பதும் ஹொக்கியன்தான். தொடர்பு பழையது: ஃபூஜியானின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அடியில் ஒரு வரி சீனம்.

இப்பத்திய பசங்க இதையெல்லாம் பாக்கறாங்களா?

பழையதை விட்டுவிட்டுப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறார்கள். 5-2-0 என்று சொல்லிப் பார்த்தால் "உன்னைக் காதலிக்கிறேன்" போல ஒலிக்கும் என்று மே 20-ஐக் காதலர் நாளாக்கிவிட்டார்கள். சிவப்பு உறை 2014-இல் வீசாட் செயலிக்குள் போய்விட்டது. தொகை மட்டும் அதே 66, 88.

காணாமல் போவது உறவுச் சொற்கள்தான். 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை நகரங்களில் அரசு விதிப்படி ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அண்ணன் இல்லை, தங்கை இல்லை. அதற்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி ஒருவரும் இல்லை. மேலே நான் அடுக்கிய போபோ, ஷூஷு, கூகு, ஜியூஜியு, யீமா ஐந்தும் அதற்குப் பாடநூல் சொற்கள். குவாங்சோவில் என் மாடிவீட்டுச் சிறுமி தமிழ் உறவுமுறைகளை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "உங்களுக்கு இவங்க எல்லாரும் நிஜமாவே இருக்காங்களா?" என்றாள்.